பிளாப்பி டிரைவை அகற்றக் கோரும் மனு

பெறுநர்: கிளவுட் சர்வர் வாடகைக்கு விடும் நிர்வாகத்தார் அவர்கள்
பொருள்: என் போர்ஷனில் இருக்கும் பிளாப்பி டிரைவை எடுத்துவிடக் கோருதல் – தொடர்பாக
நாள்: மே 2015

ஐயா,

தங்களிடம் மாத வாடகைக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின் எடுத்துக் குடியிருப்பவன் நான். விளம்பரத்தில் வெள்ளை மேகம் மிதந்தாலும் உள்ளே நடப்பது ஒண்டுக்குடித்தனம்தான் என்பது எனக்குத் தெரியும். ஒரே இரும்புப் பெட்டியில் பல குடித்தனங்கள். அடுத்த போர்ஷனில் இருப்பவர் யார், என்ன தொழில், ஒன்றும் தெரியாது. நடுச்சுவரை நம்பித்தான் படுக்கிறேன். அதற்குத் தாங்கள் வைத்திருக்கும் பெயர் ஹைப்பர்வைசர்.

‘அவசரப் பராமரிப்புக்காக நள்ளிரவில் சர்வரை அணைப்போம், சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று தங்கள் மின்னஞ்சல் வந்தது. காரணம் எழுதவில்லை. வெளியில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மே 13 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஜேசன் கெஃப்னர் வெளியிட்ட ‘வெனம்’ என்ற ஓட்டையாம். சிவிஇ-2015-3456 என்று பதிவெண்ணும் உண்டு. ஓட்டை இருந்த இடம், கியூஇஎம்யூ மென்பொருளின் பிளாப்பி கன்ட்ரோலர்.

பிளாப்பியா என்று இரண்டு முறை படித்தேன், ஐயா. ஆப்பிள்காரர்கள் 1998லேயே ஐமேக்கிலிருந்து பிளாப்பி டிரைவைத் தூக்கிவிட்டார்கள். தாங்களோ, நான் கேட்காமலேயே, இல்லாத கணினிக்குள் இல்லாத டிரைவ் ஒன்றை மாட்டி, அதற்குக் கட்டளை வாங்க 512 பைட் தொட்டியும் கட்டிவைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் அந்தத் தொட்டியின் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டே இரண்டு கட்டளைகளுக்கு அது ஒழுங்காகத் திரும்பவில்லை. ஆக, குழாயை மூடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கலாம். தொட்டி வழியும், வழிவது என் போர்ஷனில் அல்ல, தங்கள் கூடத்தில். அங்கிருந்து மற்ற குடித்தனங்களுக்குள் நுழையவும் வழி பிறக்கலாம் என்கிறார்கள். இதற்குத் திருடன் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. தன் போர்ஷனுக்கு ரூட் சாவி வைத்திருப்பவர் போதும். அந்தச் சாவியை வாடகை கட்டும் எல்லோருக்கும் தாங்களே கொடுக்கிறீர்கள்.

இந்த நிரல்வரிகள் 2004ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பெருமையாகச் சொல்வீர்கள். உண்மைதான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் பதினோரு ஆண்டுகள் யாரும் பார்க்கவில்லை. ஜென், கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர்களோடு அதே நிரலை வாங்கிப் போட்ட வீடுகளிலெல்லாம் அதே தொட்டி. அந்த நிரல் இல்லாத விஎம்வேர், ஹைப்பர்-வி குடித்தனக்காரர்கள் இந்த விஷயத்தில் மட்டும் தப்பித்தார்கள்.

‘வேண்டாமென்றால் அணைத்துவிடலாமே’ என்று தங்கள் ஹெல்ப் டெஸ்க் தம்பி அன்பாகச் சொன்னார். ஆனால் ஜென்னிலும் கியூஇஎம்யூவிலும் இன்னொரு கோளாறு காரணமாக, டிரைவை அணைத்தாலும் கன்ட்ரோலர் நிரல் உள்ளே உயிரோடுதான் இருக்குமாம். இதைச் சொன்னதும் தம்பி, ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்’ என்றார்.

எனவே, தங்கள் சமூகம் கருணை கூர்ந்து மேற்படி டிரைவை, கன்ட்ரோலரோடு சேர்த்துக் கழற்றி எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாடகையில் அதற்கான கழிவு எதுவும் எதிர்பார்க்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு குடித்தனக்காரன்

இணைப்பு: 1.44 எம்பி பிளாப்பி – ஒன்று. பரணில் கிடைத்தது. டிரைவை எடுக்க முடியாதென்றால், இதையாவது அதில் போட்டுக் காட்டவும்.