மசக்கையும் மகா ராட்டினமும்

கர்ப்பவதியான ஸ்திரீ எதற்கு ஆசைப்பட்டாலும் அதைக் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும், தீர்க்காமல் விட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் மொரப்பூர்ப் பக்கத்தில் மட்டுமன்றித் தமிழ்நாட்டின் இதர பிரதேசங்களிலும் தொன்றுதொட்டு வழங்கிவரும் ஒரு சட்டமாகும். இந்தச் சட்டத்தை இயற்றிய புண்ணியவதி (புண்ணியவதி என்று யோசித்துத்தான் சொல்கிறேன், ஒரு புருஷர் இதை இயற்றியிருக்க நியாயமே இல்லை) ஆசை என்பது மாங்காய், புளியம்பிஞ்சு, அடுப்புச் சாம்பல், மிஞ்சிப்போனால் மழை பெய்து ஓய்ந்தபின் மணக்கிற செம்மண் என்ற எல்லைக்குள் அடங்கிவிடும் என்று நம்பித்தான் இயற்றியிருக்க வேண்டும். சாலைக்குச் சாலை புளியமரங்கள் நிற்கிற எங்கள் தர்மபுரி ஜில்லாவில் அந்த ஆசைகளைத் தீர்ப்பதற்குச் சல்லிக் காசு செலவில்லை. நெல்லிக்காய் கேட்டாலோ, அதைக் கொடுக்கிறவர்கள் தகடூர் அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனியைப் பற்றி ஒரு சிறு பிரசங்கத்தையும் சேர்த்தே கொடுப்பார்கள். கர்ப்பவதிக்குப் புளிப்பும் குழந்தைக்குச் சரித்திரமும் ஒருங்கே கிடைத்துவிடும்.

எனக்கு மூன்றாம் மாதத்தில் உண்டான ஆசை இந்த வகையில் சேராதது. சென்னைக்குப் போய் ஒரு கேளிக்கைப் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று என் கணவர் பல கோணங்களிலிருந்து விசாரித்தார். சாம்பல் தின்ன ஏன் தோன்றுகிறது என்று எந்தக் கணவராவது விசாரித்தது உண்டா? அடுத்த வருஷம் குழந்தையையும் தூக்கிக்கொண்டு மூவராகப் போகலாமே என்று அவர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். நான் பதில் பேசாமல் என் காதை மட்டும் ஒரு விரலால் தொட்டுக் காட்டினேன். அடுப்படியிலிருந்த என் மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏன்டா, நாளைக்குக் கொழந்தைக்குக் காதுல சீழு வடிஞ்சா நீயா தொடச்சிக்கிட்டு ஒக்காந்திருப்ப? பேசாம கூட்டிக்கிட்டுப் போ" என்றார். மாமியார் மருமகள் சம்பந்தத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் எல்லாம் இப்படிப்பட்ட தருணங்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஆசை பிறந்தது மூன்றாம் மாதத்தில் என்றாலும், அது நிறைவேறியது ஐந்தாம் மாதத்தில்தான். தாமதத்துக்குக் காரணம் டாக்டரம்மா. முதல் மூன்று மாதங்களில் வாந்தியும் தலைசுற்றலும் பூமியின் மேல் நிற்கும்போதே ராட்டினத்தில் ஏறிய அனுபவத்தை இலவசமாகத் தருகின்றன. கடைசி மூன்று மாதங்களிலோ தன் கால்விரல்களைத் தானே பார்ப்பது அரிய தரிசனமாகிவிடுகிறது. ஆகையால் பிரயாணம் என்று ஒன்று உண்டானால் இடைப்பட்ட மாதங்களே அதற்கு உத்தமம் என்று அந்த அம்மாள் அபிப்பிராயப்பட்டார். பூங்காவுக்குப் போகலாம், நடக்கலாம், உட்காரலாம், ஆனால் குலுக்குகிற, தூக்கிப் போடுகிற, திடீரென்று நிறுத்துகிற எதிலும் ஏறக்கூடாது என்பதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு நன்றாக மனத்தில் பதிந்தது. கர்ப்பப்பையின் சுவர் இழுத்த இழுப்புக்கு நெகிழ்ந்து கொடுக்குமாம். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் நஞ்சு அவ்வாறு நெகிழாதாம். பலத்த அதிர்ச்சியில் ஒன்று வளைந்து மற்றொன்று வளையாமல் நின்றால், நஞ்சு சுவரை விட்டுப் பிரிந்துவிடக்கூடுமாம். கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், இனி மொரப்பூர்ச் சாலைகளிலேயே என்னை நடத்திக் கூட்டிச் செல்வது எப்படி என்று கவலைப்படத் தொடங்கிவிட்டார்.

இந்தக் குலுக்கல் விவகாரம் ஆதியில் இத்தனை உக்கிரமாக இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1884-ம் வருஷத்தில் நியூயார்க்கைச் சேர்ந்த கோனி தீவில் லமார்க்கஸ் தாம்ஸன் என்பவர் மேடும் பள்ளமுமான ஒரு தண்டவாளத்தைப் போட்டு, தலைக்கு ஐந்து ஸெண்ட் வாங்கிக்கொண்டு, ஜனங்களை அதில் உருட்டிவிட்டபோது, அதன் வேகம் மணிக்கு ஆறு மைல்தான். எங்கள் ஊர் மாட்டுவண்டி இறக்கத்தில் கொஞ்சம் உற்சாகப்பட்டால் அதை எட்டிப் பிடித்துவிடும். 1893-ல் சிகாகோ கண்காட்சியில் ஃபெரிஸ் என்ற இன்ஜினீயர் நிறுத்திய மகா ராட்டினமும் 264 அடி உயரம் இருந்ததே தவிர, ஒரு கூண்டில் 60 பேரை ஏற்றிக்கொண்டு, ஆற அமரத்தான் சுற்றியது.

அவ்வளவு தூரம் போவானேன்? மொரப்பூருக்கே அப்படி ஒரு பாக்கியம் இருந்தது. 1906-ல் எங்கள் ஸ்டேஷனிலிருந்து தர்மபுரிக்கு இரண்டரை அடி அகலப் பாதையில் ஒரு குட்டி ரயில் விட்டார்கள். 1913-ல் அதை ஓசூர் வரைக்கும் நீட்டினார்கள். 1941-ல் யுத்தத்தின் நடுவே தண்டவாளத்தையே பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று பல பூங்காக்களில் பொம்மை ரயில் என்று பெயரிட்டுச் சீட்டுக் கொடுக்கிறார்கள். முப்பத்தைந்து வருஷ காலம் எங்கள் ஜனங்கள் அந்த உல்லாசத்தை உல்லாசம் என்று அறியாமலே, மூட்டை முடிச்சுகளுடன், சந்தைக்கும் கோர்ட்டுக்கும் போய் வருவதற்காக அனுபவித்திருக்கிறார்கள். என் மாமியாரின் பாட்டி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தது அந்த ரயிலில்தானாம். "எங்க ஆயா அதுல ஏறி வந்து நல்லபடியா பெத்தெடுத்தா, நீ என்னாத்துக்குப் பயப்படற?" என்று அவர் எனக்குத் தைரியம் சொன்னார். அகல ரயில் பாதையாக அதை மறுபடியும் போடுவதற்கு 2019-ல் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். என் குழந்தை அதில் ஏறுமா, அல்லது அதன் குழந்தை ஏறுமா என்பதைப் பற்றி எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டு.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, மாமியார் தம் தீர்ப்பின் பின்பகுதியை வெளியிட்டார். புள்ளத்தாச்சிக்குரிய விலக்குகளை டாக்டர் சொல்லிவிட்டார். புள்ளத்தாச்சியின் புருஷனுக்குரிய விலக்குகளை யார் சொல்லுவது? மலை ஏறக்கூடாது, மரம் வெட்டக்கூடாது, பிணம் சுமக்கக்கூடாது, க்ஷவரம் செய்துகொள்ளக்கூடாது, சமுத்திர ஸ்நானம் கூடவே கூடாது. மரத்தையும் பிணத்தையும் பற்றி என் கணவர் ஆட்சேபம் எழுப்பவில்லை. க்ஷவரத்தை அவர் ஏற்கெனவே விட்டுவிட்டபடியால், எனக்கு வயிறும் அவருக்குத் தாடியும் ஏககாலத்தில் வளர்ந்து வந்தன. மலையும் சமுத்திரமும்தான் அவரை யோசிக்க வைத்தன. நாங்கள் போக நிச்சயித்திருந்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்திலுள்ள வி.ஜி.பி. பூங்கா, அதன் பின்புறத்தில் இருப்பது சாக்ஷாத் வங்காள விரிகுடா. மேலும், இரும்புச் சட்டங்களின் மேல் செங்குத்தாக ஏறி மறுபுறம் விழுகிற வண்டியை மலை என்று கொள்வதா, வாகனம் என்று கொள்வதா?

"மேல ஏறுதில்ல? ஏறிச்சின்னா மலதான்" என்று மாமியார் வியாக்கியானம் செய்தார். கர்ப்பிணிகள், இருதய நோயாளிகள், முதுகுவலிக்காரர்கள் ஏறக்கூடாது என்று பலகையில் எழுதி வைக்கிற பூங்காக்காரர்கள், கர்ப்பிணியின் கணவரைச் சேர்க்காமல் விட்டது எவ்வளவு பெரிய விடுதல் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று.

பிரயாணத்தில் ஒரு குறையும் இல்லை. கர்ப்பவதிகளுக்கென்று ரயில்வேயில் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. அதற்கு டாக்டரின் சான்றிதழ் வேண்டும். சாமல்பட்டி தாண்டுமுன்பே, மேல்படுக்கை வாய்த்த ஒரு பெரியவர் என்னிடம் வந்து, இடம் மாற்றிக்கொள்ள இயலுமா என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்ததே எழுந்தோம் என்று நடைபாதையில் இரண்டு தரம் நடந்தேன். ஒரே இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்தால் கால் வீங்கும், ரத்தம் கட்டும், அவ்வப்போது நடக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கட்டளை. சென்னையில் ஏறிய டாக்ஸியில் இடுப்புப் பட்டையை வயிற்றின் மேல் போடாமல் வயிற்றுக்குக் கீழே தொடையை ஒட்டிப் போட்டுக்கொண்டேன். டிரைவர் அதைக் கண்டதும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் வண்டியை நிறுத்தி, மூச்சு விட்டு, பிறகு ஏற்றி இறக்கினார். அடையாறு தாண்டிய பிறகு என் கணவர் தூங்கிவிட்டார்.

பூங்காவுக்குள் பிரவேசித்தவுடன் மற்றவர்கள் ராட்டினங்களின் வரைபடத்தைப் பார்ப்பார்கள். ஐந்து மாதக் கர்ப்பவதி பார்ப்பது கழிப்பறைகளின் வரைபடத்தை. அரைமணிக்கொரு தரம் அந்த அவசரம் உண்டாகிறபடியால், நிழல், பெஞ்சு, குடிதண்ணீர், கழிப்பறை என்ற நான்கும் கூப்பிடு தூரத்துக்குள் அமைந்த ஒரு ஸ்தலத்தைக் கண்டுபிடித்து, அதையே ராஜதானியாகக் கொள்ள வேண்டும். பெரிய ராட்டினம் நிதானமாகத்தானே சுற்றுகிறது, அதில் ஏறினால் என்ன என்ற சபலம் எனக்கும் உண்டாகாமல் இல்லை. ஆனால் அது உச்சியில் நின்று, கீழே ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிற சமயம் பார்த்து மேற்படி அவசரம் வந்தால், டாக்டரும் சாஸ்திரமும் இன்ஜினீயரும் சேர்ந்தாலும் ஒன்றும் செய்வதற்கில்லை.

பூங்காவை ஸ்தாபித்த வி.ஜி. பன்னீர்தாஸ் தவணை முறையில் வீட்டுச் சாமான்களை விற்றுப் பெயர் பெற்றவர். அந்த முறை கர்ப்பவதிக்கும் மிகப் பொருத்தமானது. அரைமணி நடை, அரைமணி பெஞ்சு, ஒரு மடக்குத் தண்ணீர், ஒரு நெல்லிக்காய் என்று உல்லாசத்தைத் தவணை தவணையாக நான் அனுபவித்துக்கொண்டிருக்க, முழு விலையையும் ஒரே மூச்சில் செலுத்தி உல்லாசத்தை வாங்கிய இளைஞர்கள் ஒவ்வொரு ராட்டினத்திலிருந்தும் முகம் வெளுத்து, தூண்களைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, "எப்படி அக்கா மூணு மாசம் இதத் தாங்கினீங்க?" என்று கேட்டார். அவருக்கு இரண்டு நெல்லிக்காய் கொடுத்தேன். அதியமானைப் பற்றிச் சொல்வதற்கு அது சமயமாகப் படவில்லை.

எங்களுடன் வந்திருந்த நாத்தனாரும் அவள் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். கம்பிகளுக்குள்ளே வளைந்து, திரும்பி, மறுபடியும் வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதாகத் தோன்றவைக்கிற அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்குச் சுபத்திரையின் ஞாபகம் வந்தது. வயிற்றிலிருந்தபடியே சக்கரவியூகத்துக்குள் நுழையக் கற்றுக்கொண்டு, வெளியேறக் கற்பதற்குள் பாடம் நின்றுபோன அபிமன்யுவுக்கு நேர்ந்ததை உத்தேசித்து, நான் உள்வழியைப் பார்த்த பிறகு மெனக்கெட்டு எழுந்து சென்று வெளிவழியையும் பார்த்து, "இதான்டா கண்ணு வெளிய வர்ற வழி" என்று வாய்விட்டுச் சொல்லி வைத்தேன். ஐந்தாம் மாதத்தை ஒட்டித்தான் குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். வாசலில் இருந்த காவலாளிக்கு ஏற்கெனவே நன்றாகக் கேட்கும்.

நாத்தனார் குடும்பத்தின் பைகள், செருப்புகள், மூக்குக் கண்ணாடி, கைப்பேசிகள் யாவும் என் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தன. அவற்றைக் காவல் காப்பதற்கு என் கணவர் நியமிக்கப்பட்டார். மலை ஏறக்கூடாத மனிதருக்கு வேறு உத்தியோகம் என்ன இருக்கிறது? அவரை உற்சாகப்படுத்த வேண்டி, அந்தப் பூங்காவின் பிரசித்தமான சிலை மனிதரைப் பார்க்க அழைத்துப் போனேன். லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனைக் காவலர்களைப் பார்த்ததிலிருந்து உதித்த யோசனை என்று சொல்லுவார்கள். ஜனங்கள் எத்தனை கோமாளித்தனம் செய்தாலும் சிரிக்காமல், அசையாமல், மணிக்கணக்கில் நின்றுகொண்டிருப்பார். குழந்தைகள் பழிப்புக் காட்டினார்கள். ஒருவர் சினிமா வசனம் பேசினார். சிலை சிலையாகவே நின்றது. சற்று நேரத்தில் சில குழந்தைகள், கழுத்தில் மூன்று பைகளும் கையில் ஏழெட்டுச் செருப்புகளும் தாடியுமாக அசையாமல் நின்ற என் கணவரின் எதிரே வந்து பழிப்புக் காட்டத் தொடங்கின. அவரும் சிரிக்கவில்லை. ஆனால் அவருக்கு அதற்குச் சம்பளம் கிடையாது.

மாலையில் கடற்கரைக்கு வந்தோம். நான் மணலில் கால் நீட்டி உட்கார்ந்தேன். கணவர் பைகளை இறக்கி வைத்துவிட்டு, அலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அலையைப் பார்த்தார். கால் நனைப்பது ஸ்நானத்தில் சேருமா என்ற தர்ம சந்தேகத்தைக் கைப்பேசி மூலமாக மொரப்பூருக்கு அனுப்பினோம்.

"முட்டிக்குக் கீழ நனைஞ்சா குளியல் இல்ல. முட்டிக்கு மேல போச்சின்னா குளியல்தான். பாத்து நிக்கச் சொல்லு" என்று தீர்ப்பு வந்தது.

அவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சட்டத்தின் வரம்புக்குள் மிக ஜாக்கிரதையாகத்தான் நின்றார். வங்காள விரிகுடாவுக்கு அந்தத் தீர்ப்பு எட்டவில்லை. நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்த அலை அவருடைய இடுப்புக்கு மேல் வந்துவிட்டுப் போயிற்று. ரயிலேறும்வரை அவர் காற்று வீசுகிற திசையைத் தேடித் தேடி நின்று, துணியை ஒருவாறு உலர்த்திக்கொண்டார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நானும் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் துணிகளை வாசலில் உதறிக்கொண்டிருந்த மாமியார், கால்சட்டையின் பைக்குள் கையை விட்டு, ஒரு பிடி மணலை அள்ளி மகனுக்கு நேரே நீட்டினார்.

"இது எப்பிடிடா முட்டிக்கு மேல ஏறிச்சி?"

"காத்துமா. மெட்ராஸ்ல காத்து ஜாஸ்தி" என்றார் என் கணவர்.

"காத்துல கிளிஞ்சலுகூடப் பறக்குதா?" என்று கேட்டுவிட்டு, மாமியார் அதையும் தனியாக எடுத்துத் திண்ணையின் மேல் வைத்தார்.