மரம் உள்ளுக்க இருக்கு

1978இல் பிரித்தானியாவின் கன்சர்வேட்டிவ் கட்சி, வேலையில்லாதோர் நீண்ட வரிசையில் நிற்கும் சுவரொட்டி ஒன்றை ஒட்டியது. நின்றவர்கள் வேலையற்றவர்கள் அல்லர், கட்சியின் இளைஞர் அணியினர். எதிர்பார்த்த அளவுக்கு ஆள் தேறாததால், வந்தவர்களையே திரும்பத் திரும்பப் படமெடுத்து வரிசையை நீட்டினார்கள்.

இலங்கையின் சம்மாந்துறையில் தேர்தல் பிரசாரத்துக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. முஸ்லிம் காங்கிரஸை நிறுவிய அஷ்ரபின் படம் ஒன்று போதும். அவர் பிறந்த ஊர் இது. 2000 செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த மனிதருக்குத் தேர்தல் காலத்தில் மட்டும் ஓய்வே இல்லை. அவர் வளர்த்த கட்சியும் அவர் பெயரைத்தான் சொல்கிறது, அதிலிருந்து பிரிந்து குதிரைச் சின்னத்தில் ஏறியவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

முஸ்லிம் காங்கிரஸின் சின்னம் மரம். ஆனால் 2015இல், சம்மாந்துறை அடங்கும் திகாமடுல்ல மாவட்டத்தில், கூட்டணிக் கட்சியின் சின்னமான யானைக்குப் புள்ளடி போடச் சொன்னார்கள். 2020இல் இன்னொரு கூட்டணியின் டெலிபோனுக்கு. வாசலில் மாதிரி வாக்குச்சீட்டை விரித்துப் பாடம் எடுக்கும் பேரன்மார் பாவம்.

“மூத்தம்மா, மரத்தத் தேடாதீங்க. டெலிபோனுக்குப் போடுங்க.”

“அப்ப மரம் எங்க மனே?”

“அது உள்ளுக்க இருக்கு.”

உள்ளே எவ்வளவு இருந்தது என்பது அதே ஆண்டு ஒக்டோபரில், அரசியலமைப்பின் 20ஆவது திருத்த வாக்கெடுப்பில் தெரிந்தது. டெலிபோனில் வென்ற முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர்களான ஹரீஸும் பைசல் காசிமும் அரசாங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். கட்சித் தலைவர் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். ஒரே இணைப்பில் இரண்டு குரல்! சின்னத்தைத் தெரிவுசெய்தவர் பொருத்தம் பார்த்துத்தான் தெரிவுசெய்திருக்கிறார்.

2024 பொதுத்தேர்தலில் இந்த மாவட்டத்தில் மரமே மீண்டும் வாக்குச்சீட்டுக்கு வந்தது. ஆட்டோ ஒலிபெருக்கிக்காரர்கள் பாட்டை மாற்றினால் போதுமானதாக இருந்தது.