இளைத்தது பூட்ஸ் மட்டுமே

ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு மேல்நோக்கியும் நடக்கிறது. சறுக்குக் கட்டைகளின் அடியில் 'ஸ்கின்' பட்டையை ஒட்டிக்கொண்டு மலையேறி, உச்சியில் அதை உரித்துவிட்டுக் கீழே சறுக்குவார்கள். 2026 மிலான்–கோர்டினா ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியாகவும் ஆகிவிட்டது.

லிஃப்டில் ஏறிச் சறுக்குபவரின் பூட்ஸ், ஒரு காலுக்கு ஏறத்தாழ 2 கிலோ. பந்தய வீரரின் கார்பன் பூட்ஸோ அரைக் கிலோவை ஒட்டி. ஒவ்வோர் அடிக்கும் தூக்க வேண்டிய சுமை அது. கிராம் கணக்குப் பார்ப்பது நியாயம்தான்.

வார இறுதி வீரரின் கணக்குதான் வேடிக்கை. இருநூறு கிராம் குறைக்க ஆயிரம் யூரோவுக்கு மேல் அழுகிறார். முதுகுப் பையிலோ பாலாடைக்கட்டி, சாஸேஜ், ஒரு பாட்டில் ஒயின். தொப்பையைத் தராசில் ஏற்றுவதே இல்லை. ஏறும்போது பரம சுகம். இறங்கும்போது பூட்ஸின் மெல்லிய ஓட்டுக்குக் கட்டையும் அடங்காது, மெல்லிய உள்ளுறை குளிரும் தாங்காது.

பந்தயம் ஓடாதவருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலான, மலையேறிச் சறுக்குவதற்கான 'டூரிங்' பூட்ஸே போதும். கணுக்கால் தாராளமாக மடங்க வேண்டும். குதிகால் உள்ளே எழும்பக் கூடாது. எடை குறைத்தே தீருவேன் என்பவர்கள் இடுப்பிலிருந்து தொடங்கலாம். அதற்கு ஒரு யூரோவும் செலவில்லை.