ஆகாயத்தில் ஆகாதவர் ஆவது எப்படி?

விமானத்தில் எப்படி நடந்துகொள்வது என்று பயணிகளுக்குச் சொல்லித்தர ஊரே இருக்கிறது. கைப்பிடி யாருக்குச் சொந்தம், சீட்டை எவ்வளவு சாய்க்கலாம், சக்கரம் தரையில் பட்டதுமே எழுந்து பெட்டியை இழுப்பவரை என்ன செய்யலாம் என்றெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதே விமானத்தில் சம்பளத்துக்கு ஏறுகிறவர்களைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. சென்னையிலிருந்து கிளம்பும் சாதாரண ஏ320 ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காக்பிட்டில் இரண்டு பேர். ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில் கேபினில் நாலு பேர். நடுவில் துப்பாக்கிக் குண்டுக்கும் அசையாத ஒரு கதவு. இந்த ஆறு பேரில் பலர் அன்று விடியற்காலைதான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள். ராத்திரிக்குள் ஜென்மப் பகை வளர்த்தாக வேண்டும். நேரம் குறைவுதான், ஆனால் முடியும்.

கேப்டன்களிடமிருந்து தொடங்குவோம். வாய்ப்பு அவர்களுக்குத்தான் அதிகம்.

கிளம்புமுன் நடக்கும் பிரீஃபிங்கில் யார் பெயரையும் கேட்காதீர்கள். நெஞ்சில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையைப் படிப்பதும் கௌரவக் குறைச்சல். கேபின் குரூவுக்குத் தலைவரான லீட் யார் என்று தெரிந்தால் போதும், மற்ற மூவரும் "ஹலோ". வானிலை பற்றி, "கொஞ்சம் பம்ப்பியா இருக்கும்" என்று மட்டும் சொல்லுங்கள். எந்த இடத்தில், எத்தனை நிமிஷம், டிராலியை எடுக்கலாமா வேண்டாமா என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? கடைசியில் "எனி டவுட்ஸ்?" என்று கேட்டுக்கொண்டே போனைக் கையில் எடுத்துவிட்டால் யாருக்கும் டவுட் வராது.

மேலே போனபிறகு சீட் பெல்ட் விளக்கு இருக்கிறது. அதைப் போடுவதும் அணைப்பதும் உங்கள் விரலில்தான். ஒரு சின்ன மேகத்துக்காகப் போடுங்கள், மேகம் கடந்ததும் மறந்துவிடுங்கள். கேபினில் என்ன நடக்கும் என்றால், விளக்கு எரியும்வரை கொதிநீரை ஊற்றக் கூடாது, உப்புமாக் கப்புக்குக் கொதிநீர் வேண்டும், உப்புமாவுக்கு முன்கூட்டியே பணம் கட்டியவர் 22-ஆம் வரிசையில் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். டாய்லெட்டுக்கு எழுந்தவரை உட்கார வைத்து, அவருக்குப் பின்னால் எழுந்தவரையும் உட்கார வைத்து, லீட் உங்களைக் கூப்பிடுவார். "ஓ, சாரி, சாரி" என்று அணைத்த அடுத்த நிமிஷமே மைக்கை எடுத்து, டிராலி நடுவழியில் நிற்கும்போது இடதுபக்க ஜன்னலில் தெரியும் ஊரைப் பற்றி விரிவாகப் பேசலாம். தூங்குகிறவர்கள் விழிப்பார்கள். விழித்தவர்கள் எல்லோருக்கும் தண்ணீர் வேண்டியிருக்கும்.

இனி வெப்பநிலை. காக்பிட்டுக்கும் கேபினுக்கும் இடையே நடக்கும் பூசலில் பாதி இதனால்தான். ஏ320-இன் காக்பிட் கூரையில் மூன்று திருகுகள் உண்டு: காக்பிட்டுக்கு ஒன்று, முன்கேபினுக்கு ஒன்று, பின்கேபினுக்கு ஒன்று. ஒரு கோடியில் 18 டிகிரி, மறுகோடியில் 30, நட்டநடுவே 24. டிராலி தள்ளுகிறவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. 14-ஆம் வரிசையில் சால்வைக்குள் ஒடுங்கியிருக்கும் பாட்டிக்குப் பல் கிட்டுகிறது. கேப்டனுக்கு இரண்டுமே தெரியாது, அவருடைய திருகு தனி. "கேப்டன், பின்னாடி ரொம்ப சூடா இருக்கு, கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று போன் வரும். அனுபவம் இல்லாதவர் குறைத்துவிடுவார். தேர்ந்தவர் "ஷ்யூர்" என்று சொல்லிவிட்டுத் திருகைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார். பத்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டு, "இப்ப எப்படி?" என்பார். "இப்ப பரவாயில்ல சார், தேங்க்யூ" என்று பதில் வரும். கோ-பைலட்டைப் பார்த்துக் கண்ணடிக்கும் இடம் இது. ஆனால் இந்த வித்தை கேபினுக்கும் எப்போதோ தெரிந்துபோய்விட்டது. அதனால்தான் பழுத்த லீட்கள் தேவைக்கு மேல் இரண்டு டிகிரி சேர்த்தே குறைக்கச் சொல்கிறார்கள், "பரவாயில்ல சார்" என்பதையும் சும்மா சொல்லி வைக்கிறார்கள்.

கேபின் குரூவுக்கும் ஆயுதங்கள் இல்லாமல் இல்லை. அதில் தலையாயது டீ.

டீயை எப்போது கேட்பது? 10,000 அடிக்குக் கீழே காக்பிட்டில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு எதுவும் கூடாது என்று விதி. 1974-இல் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் ஒரு விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்தது. இறங்கும் நேரத்தில் விமானிகள் இருவரும் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்தது ஒலிப்பதிவில் கேட்டது. 1981-இல் அந்நாடு விதி போட்டது, மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன. ஆகவே நீங்கள் 9,000 அடியில் இன்டர்போனை எடுத்து, "சார், டீயா காபியா? சர்க்கரை எவ்வளவு?" என்று கேளுங்கள். நம்மூர் விமானிகளுக்கு அரசியலை விட்டுக்கொடுக்கவே மனசு வரவில்லை, அதில் சர்க்கரை வேறு.

டீயை எப்படிக் கொடுப்பது? பயிற்சியில், ஜன்னல் பக்கத் தோளின் வழியாகக் கொடு, இரண்டு சீட்டுக்கும் நடுவில் உள்ள மேடைமேல் கொண்டுபோகாதே என்று சொல்லித் தந்திருப்பார்கள். அந்த மேடையில்தான் த்ராட்டில், ரேடியோ எல்லாம் இருக்கின்றன. பகையென்று வந்தபிறகு பயிற்சியாவது ஒன்றாவது, விளிம்பு வரை ஊற்றி நடுவிலேயே நீட்டுங்கள். 2019 பிப்ரவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மெக்ஸிகோவின் கான்கூனுக்குப் போன ஏ330 ஒன்றில், கேப்டனின் காபி ரேடியோப் பலகைமீது கொட்டியது. பலகை சூடாகி, புகை கிளம்பி, அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டிய விமானம் அயர்லாந்தின் ஷானனில் இறங்கியது. கப்பு வைக்க அங்கே துளை இருந்தது, ஆனால் அந்த நிறுவனம் கொடுத்த கப்பு அதற்குள் சரியாக நுழையவில்லை என்று விசாரணை அறிக்கை எழுதியது. சம்பவத்துக்குப் பிறகு அவர்கள் வேறு கப்பு வாங்கினார்கள். கோடிக்கணக்கில் விமானம் வாங்குகிறவர்கள் கப்பில் மிச்சம் பிடிப்பார்கள் என்பது எந்த நாட்டிலும் மாறாத ஒன்று போலிருக்கிறது.

நம் நாட்டுப் பங்கும் உண்டு. 2023 மார்ச்சில் ஹோலியன்று டெல்லியிலிருந்து கௌஹாத்தி போன விமானத்தில், திறந்த காபிக் கப்பு ஒன்று த்ராட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது, கூடவே பண்டிகைப் பலகாரமான குஜியாவும். நம்மூர் சோமாஸிக்குச் சொந்தக்காரப் பண்டம் அது. இதைச் செய்தால் மட்டும் போதாது, போட்டோ எடுக்கவும் வேண்டும். எடுத்தார்கள். படம் ஊரெல்லாம் சுற்றியது, விமானிகள் இருவரும் தரையில் உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள்.

சாப்பாட்டில் இன்னும் நயமாகப் பழிவாங்கலாம். இரண்டு பைலட்டுக்கும் ஒரே சாப்பாடு கொடுப்பதில்லை என்பது பல நிறுவனங்களின் வழக்கம். 1975-இல் அலாஸ்காவில் சாப்பாடு ஏற்றிக்கொண்டு கோபன்ஹேகன் போன ஜப்பானிய ஜம்போ ஒன்றில், ஆம்லெட்டும் ஹாமும் சாப்பிட்ட 197 பேர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டார்கள். சமையல்காரரின் விரலில் இருந்த புண்தான் காரணம். விமானிகளின் உடம்புக்கு அப்போது காலைச் சாப்பாட்டு நேரம் இல்லை, அவர்கள் வேறு சாப்பிட்டிருந்தார்கள். அதனால் விமானம் ஒழுங்காக இறங்கியது. ஆக, ஒருவருக்குப் பனீர், ஒருவருக்குக் கோழி என்று வந்திருக்கும். கோழி சாப்பிடாத கேப்டனிடம், "சார், கோ-பைலட் சார் பனீரை எடுத்துக்கிட்டார்" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இயற்கை உபாதை விஷயத்தில் கேப்டனுக்குச் சாதகம் அதிகம். ஒரு பைலட் வெளியே வந்தால் கேபின் குரூ ஒருவர் உள்ளே போய் நிற்க வேண்டும், இன்னொருவர் டிராலியைக் குறுக்கே நிறுத்தி வழி மறிக்க வேண்டும். நாலில் இரண்டு பேர் காலி. எனவே சாப்பாட்டு நேரம் உச்சத்தில் இருக்கும்போது, முன்கூட்டிச் சொல்லாமல், முதல் வரிசைக்காரர் டாய்லெட் கதவில் கை வைத்த அந்தக் கணத்தில் வெளியே வரவும். வந்த வேலை முடிந்ததும் போய்விடாமல் சமையல்கட்டில் நின்று சோம்பல் முறித்து, யார் யாருக்கு என்ன ரோஸ்டர் என்று விசாரிக்கவும். பழிக்குப் பழியாக, உள்ளே போன கேபின் குரூ அங்கிருக்கும் கோ-பைலட்டிடம் தன் லீவு மறுக்கப்பட்ட கதையை ஆதியோடந்தமாகச் சொல்லலாம். சீட்டில் பெல்ட் போட்டிருப்பவரால் எழுந்து ஓட முடியாது. தூத்துக்குடிக்குப் போகும் ஏடிஆர் விமானங்களில் இதற்கெல்லாம் இடமில்லை, காக்பிட்டுக்கும் கேபினுக்கும் நடுவே சரக்கு அறையையே வைத்துவிட்டார்கள். வடிவமைத்தவருக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது.

கைகலப்பு வரை போக வேண்டாம். அதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள். 2009 அக்டோபரில் ஷார்ஜாவிலிருந்து லக்னோ வழியாக டெல்லி வந்த விமானத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் இருக்கும்போது, விமானிகளும் கேபின் குரூவும் நடுவானில் அடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு புதுமையாக எதுவும் செய்துவிட முடியாது.

கடைசியாக இன்டர்போன். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கேபினிலிருந்து கூப்பிட்டு விசாரிப்பார்கள். டீ வேண்டுமா என்று கேட்பதுபோலத்தான் இருக்கும், உண்மையில் விழித்திருக்கிறீர்களா என்று பார்க்கிறார்கள். 2024 ஜனவரியில் இந்தோனேசியாவில் இரண்டு விமானிகளும் சேர்ந்து 28 நிமிஷம் தூங்கிவிட்டார்கள், விமானம் பாதை விலகிப் பறந்தது. வீட்டில் பிறந்து ஒரு மாதமேயான இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு வந்தவர் கோ-பைலட். ஆகவே போன் வந்தால் "என்ன?" என்று ஒற்றைச் சொல்லில் எரிந்து விழுங்கள். நாலு தடவை விழுந்தால் ஐந்தாவது தடவை கூப்பிட மாட்டார்கள். நிம்மதி.

இந்த முறையின் பலனை 1989-லேயே பார்த்தாகிவிட்டது. ஜனவரியில் லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன போயிங் 737-இல், வலது இன்ஜினில் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம் என்று கேப்டன் மைக்கில் சொன்னார். பின்னால் இருந்த கேபின் குரூவும் பயணிகளும் இடது இன்ஜினில் நெருப்பைப் பார்த்திருந்தார்கள். கேப்டனுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டார்கள். கெக்வொர்த் என்ற ஊருக்கருகே விமானம் விழுந்து 47 பேர் இறந்தார்கள். இரண்டு மாதம் கழித்து கனடாவின் டிரைடனில், பனி கொட்டும்போது கிளம்பிய விமானத்தின் இறக்கையில் வெள்ளையாகப் படிந்திருந்ததைக் கேபின் குரூ பார்த்தார். பயணிகளாக உட்கார்ந்திருந்த இரண்டு விமானிகளும் பார்த்தார்கள். மூவரும் காக்பிட்டுக்குச் சொல்லவில்லை. 24 பேர் போனார்கள். இப்படிச் சொல்வதைக் காக்பிட்டில் யாரும் விரும்புவதில்லை என்ற நினைப்பு கேபின் குரூவுக்கு இருந்ததை விசாரணை கமிஷன் பதிவு செய்தது. எரிச்சலோடு "என்ன?" என்று கேட்ட அந்தப் பழைய கேப்டன்கள் யாரோ, எத்தனை பேரோ, அவர்களெல்லாம் அன்றைக்கு வீட்டில் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

தரையிலும் சில வாய்ப்புகள் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். அதிகாலைப் பிக்கப்புக்கு ஐந்து நிமிஷம் தாமதமாக வந்து, வண்டியில் ஏறியதும் ஸ்பீக்கரில் போன் பேசுங்கள். மதுவுக்கான மூச்சுப் பரிசோதனைக்கு முன்னால் மவுத்வாஷ் கொப்பளித்து மொத்த குரூவையும் காக்க வையுங்கள். 2023-இல் மவுத்வாஷுக்குத் தடை போட்டார்கள், வாசனைத் திரவியத்தையும் சேர்க்கலாமா என்று வரைவில் யோசித்தார்கள். வேறு ஊரில் டியூட்டி ஏற்பதற்காகப் பயணியாகப் போகும்போது, யூனிஃபார்மோடு முன்வரிசையில் உட்கார்ந்து பெல்லை அடித்து ஜூஸ் கேளுங்கள். விமானிகளின் பணிநேர விதி வேறு, கேபின் குரூவின் விதி வேறு. எனவே மூடுபனியில் மணிக்கணக்காகக் காத்திருந்தபின், "என் டைம் முடிஞ்சுது" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கேப்டன் இறங்கிவிடலாம். 180 பேருக்குப் பதில் சொல்ல நாலு பேர் இருக்கிறார்களே.

தரையிறக்கம் இடித்துவிட்டால் பதற வேண்டாம். நனைந்த ஓடுபாதையில் அழுத்தி இறக்குவதுதான் சரியான முறை, இதைக் கத்தரி வெயிலிலும் சொல்லலாம். சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல என்பது இன்னும் வசதி. காக்பிட் கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் வேலையில் மூழ்கிவிடுங்கள். வாசலில் கைகூப்பி நிற்பது லீட்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் மதுரைக்காரப் பெரியவர், "ஏம்மா, இப்ப இறக்குனாங்களா, கொட்டுனாங்களா?" என்று அவரைத்தான் கேட்பார். லீட் சிரிக்க வேண்டும். பெரியவர் விடமாட்டார்: "யாரும்மா ஓட்டுனது?"

நன்றாக இறங்கியிருந்தால் கேப்டன் என்று சொல்வது வழக்கம். இல்லையென்றால் கோ-பைலட். வெப்பநிலைத் திருகில் ஏமாந்த லீட் மட்டும், கேப்டன் பெயரை இனிஷியலோடு சொல்வார்.