உப்பில் ஊறும் நிம்மதி

வெளியுலகச் சேதி எதுவும் போகாவிட்டால் மூளை தூங்கிவிடுமா என்று பார்க்க, 1954இல் அமெரிக்காவில் ஜான் லில்லி என்ற மருத்துவர் இருட்டான தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினார். மூளை தூங்கவில்லை, தானே படம் ஓட்ட ஆரம்பித்தது. பிற்பாடு எல்.எஸ்.டி.யையும் கேட்டமைனையும் அவர் துணைக்கு அழைத்துக்கொண்டதால், தொட்டி காட்டியது எது, மருந்து காட்டியது எது என்று பிரிப்பது கஷ்டம்.

இன்று அதே இருட்டு மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கிடைக்கிறது. ஓரடித் தண்ணீர், அதில் சில நூறு கிலோ எப்சம் உப்பு. உடம்பு மிதக்கும் என்பதை உரக்கச் சொல்பவர்கள், வெளியே வரும்போது வழுக்கும் என்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறார்கள். பதற்றம் குறைவதாகச் சில சிறு ஆய்வுகள் காட்டுவது உண்மைதான். காலையில் முகச்சவரம் செய்துவிட்டுப் போனவர்களை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கண்ணில் ஒரு சொட்டு பட்டால் போதும், விடுப்பில் போன ஐம்புலனும் அலறியடித்து வேலைக்குத் திரும்பிவிடும்.