புள்ளி இலங்கைக்கு ஒரு மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ! கலிபோர்னியாவில் கொலுவீற்றிருந்து உலகத்து இணையப் பெயர்களை எல்லாம் ஒரு குடைக்கீழ் ஆளும் ஐக்கான் மகாசபையின் கடைக்கண் பார்வையால், 2010ஆம் ஆண்டில் எங்கள் தாய்மொழிக்கு '.இலங்கை' என்னும் ஆள்களப் பெயர் அருளப்பட்டது. அந்நாளில் வன்னியிலே எங்கள் துணுக்காய்ச் சனம் போர் முடிந்து மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பிவந்து, கூரை போன வீட்டு வளவுகளில் தறப்பாள் கட்டிக்கொண்டிருந்தது. கிணறு இறைக்க வேண்டும், பற்றை வெட்ட வேண்டும், மிதிவெடி எடுத்தாயிற்றா என்று கேட்டறிய வேண்டும் என்று அற்ப விசாரங்களில் மூழ்கிக் கிடந்த எங்களுக்கு, உடனடித் தேவை இணையவெளியில் தமிழ் எழுத்தில் ஒரு விலாசமே என்று கண்டுணர்ந்த தீர்க்கதரிசனத்தை எப்படிப் போற்றுவேன்! வீட்டுக்குக் கதவு வருமுன்னே விலாசம் வந்துசேர்ந்த பாக்கியசாலிகள் நாங்கள். சிங்கள எழுத்திலும் கூடவே ஒன்று அருளப்பட்டது. பாரபட்சம் என்று யாரும் நாக்கில் பல்லுப்படப் பேசமுடியாது. இரண்டையும் பாவிப்பவரைக் காண்பது ஒரே அளவில் அபூர்வம்.

இத்திருநாமத்தின் அடக்கம்தான் என்னை உருக்குகிறது. வெளியே நின்று பார்க்கையில் தமிழாக நிற்கும். உள்ளே போனதும் கோலத்தைக் களைந்துவிடும். விலாசத்தைப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். '.இலங்கை' இருந்த இடத்தில் பெரும்பாலும் எக்ஸ், என், இரண்டு சிறுகோடு, எக்ஸ், கே, சி, 2, ஏ, எல், 3, எச், வை, ஈ, 2, ஏ என்று நிற்கும். 1983இல் வகுத்த பெயர் முறைமை ஆங்கில எழுத்தையும் இலக்கத்தையும் சிறுகோட்டையும் மட்டுமே வழக்கத்தில் வைத்திருந்தது. அதற்காக உலகத்துக் கணினிகளை எல்லாம் திருத்துவது பெரியவர்களுக்குச் சிரமம். தமிழ் சின்னவள், வளைந்து கொடுப்பாள் என்று தீர்ப்பாயிற்று. வாய்விட்டு உச்சரிக்கவே கூடாத ஒரு பெயரை உள்ளே அணிந்துகொண்டு எங்கள் மொழி உலகை வலம்வருவது என்னே பெருமிதம்!

துணுக்காயில் நெல் விற்கும் ஒரு தம்பி 'துணுக்காய்நெல்' என்று அந்த ஆள்களத்தில் பெயர் எடுத்து, மின்னஞ்சலையும் தமிழிலேயே வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொமினிக்கேசன் கடையில் குந்தியிருந்து கடனுக்கு ஒரு படிவம் நிரப்புகிறார். படிவத்தின் தலையிலே மும்மொழியிலும் நல்வரவு. மின்னஞ்சல் கட்டத்துக்கு வந்ததும் சிவப்பு எழுத்தில் ஒரு மன்றாட்டு: 'சரியான மின்னஞ்சல் முகவரியைத் தருக.' அவர் தந்தது சரியான முகவரிதான். ஆனாலும் படிவம் எவ்வளவு பண்பாகக் கேட்கிறது பாருங்கள், தமிழிலேயே கேட்கிறது! இந்தக் குறையைத் தீர்க்க ஐக்கான் சபையார் வாளாவிருக்கவில்லை. எல்லாப் பெயர்களையும் எல்லாப் படிவங்களும் ஏற்க வேண்டும் என்று 2023 முதல் ஆண்டுதோறும் ஒரு தினமே கொண்டாடுகிறார்கள். திருவிழா நடக்கும்போது தேர் ஓடவேண்டும் என்று அடம்பிடிப்பது எங்கள் அவசரபுத்தி.

இலங்கை அரசாட்சியின் கருணையோ இன்னும் ஆழமானது. நாங்கள் எதைப் பார்த்தும் கண் நோகக்கூடாது என்று 2007 யூனிலேயே தமிழ்நெற் செய்தித் தளத்தை நாட்டுக்குள் திறக்கமுடியாமல் பண்ணி எங்கள் பார்வையைக் காத்தார்கள். 2011 நவம்பரில், இலங்கை பற்றிச் செய்தி எழுதும் தளங்கள் எல்லாம் ஊடக அமைச்சில் பதிவு செய்க என்று ஆணை பிறந்தது. சில தளங்கள் முடக்கவும்பட்டன. அடுத்த ஆண்டு, பதிவுக் கட்டணம் ஒரு இலட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். உண்மையைச் சொல்ல ஆசைப்படுவோரின் உறுதியைச் சோதிக்க இதைவிடக் கண்ணியமான உரைகல் உண்டோ? 2024இல் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. காப்பு என்ற மங்கலச் சொல்லிலே மனம் குளிர்ந்து, யாரை யாரிடமிருந்து காப்பது என்று கேட்கவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

காவல் இத்தனை பலமாயிருந்தும் பெரிய வாசலை மட்டும் விருந்தோம்பலுக்காகச் சற்றே திறந்து வைத்திருந்த பெருந்தன்மையையும் சொல்லாமல் விடலாகாது. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, சுதந்திர தினம் கழிந்து இரண்டாம் நாள், நாட்டின் ஆங்கில எழுத்து ஆள்களமான '.எல்கே' என்று முடியும் சில விலாசங்களைத் தட்டியவர்கள் முன்பின் அறியாத ஒரு பக்கத்தில் போய் இறங்கினார்கள். கூகிளின் இலங்கை விலாசமும் அதில் ஒன்று. அந்தப் பக்கத்திலோ தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பாடு முதலிய நாட்டுக் குறைகள் எழுதியிருந்தன. அமைச்சில் பதிவு செய்யாமலும் கட்டணம் கட்டாமலும் அவ்வளவு பேரைச் சென்றடைந்த பக்கம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

'.இலங்கை' போதாது, '.துணுக்காய்' என்றே வேண்டும் என்று எவராவது பேராசைப்பட்டால் அதற்கும் வழி அடைக்கப்படவில்லை. புதிய ஆள்களங்களுக்கான ஐக்கானின் 2026ஆம் ஆண்டுச் சுற்றில் விண்ணப்பக் கட்டணம் 227,000 அமெரிக்க டொலர். எங்கள் காசில் ஆறு கோடிக்கு மேல். விண்ணப்பித்தவருக்கே பெயர் என்பதற்குச் சான்றும் உண்டு. தென்னமெரிக்காவில் அமேசன் ஆற்றங்கரை நாடுகள் ஆண்டுக்கணக்காக வாதாடியும், '.அமேசன்' 2019இல் அமேசன் கொம்பனியின் பக்கமே சாய்ந்தது. அந்த நதி விண்ணப்பம் போடவில்லையே, பாவம்.

ஆதலால் வன்னிப் பெருமக்களே, தமிழில் பெயர் எடுங்கள், பெருமையோடு சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். படிவம் நிரப்ப மட்டும் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வைத்திருங்கள். தமிழ்ப் பெயருக்கான காசைத் திகதி தவறாமல் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். காசை எந்த மொழிக்காரர் கட்டினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.