பேஸ் கிட்டார் விற்பனை: கேமரன் மலைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒரு பேஸ் கிட்டார் இருக்கிறது. கடைசியாக எப்போது வாசித்தீர்கள் என்று கேட்டால் “தீபாவளிக்கு” என்கிறீர்கள். எந்த வருஷத்துத் தீபாவளி என்பதை மட்டும் சொல்வதில்லை. அப்படியென்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். எழுதுகிறவனுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். என் பேஸ் கிட்டாரை நான் 11 வருஷமாக விற்றுக்கொண்டிருக்கிறேன். ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை இந்தத் தொழிலில் இத்தனை அனுபவம் வேறு யாருக்கும் கிடையாது. ஒரே நாளில் விற்றுத் தள்ளியவர்களிடம் ஆலோசனை கேட்காதீர்கள். அவர்களுக்கு ஒரு நாள் அனுபவம்தான்.

முதலில் கிட்டாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். தோட்டத்து வீடுகளில் அது கதவுக்குப் பின்னால் நிற்கும். மேலே மழைக்கோட்டு, அதற்கு மேலே துண்டு, அதற்கும் மேலே பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. நாலு முறுக்காணி நீட்டிக்கொண்டிருக்கும் தலைப்பாகம் எதையும் மாட்டத் தோதானது. எங்கள் வீட்டில் நாலு முறுக்காணிக்கும் நாலு பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். விற்பதைப் பற்றி வாயைத் திறந்தால் முதலில் வரும் எதிர்ப்பு சங்கீதத்தைப் பற்றியதல்ல. “அப்ப துண்டை எங்கப்பா மாட்டுறது?” என்பதுதான்.

கண்டெடுத்த பிறகு உடல் பரிசோதனை. தானா ராத்தா கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இங்கே துவைத்த சட்டை காய மூன்று நாள், நனைந்த சப்பாத்து காய ஒரு வாரம். கிட்டார் மட்டும் என்ன பாவம் செய்தது? பையைத் திறந்ததும் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம் எட்டிப் பார்க்கும். கம்பிகளில் துரு. வால்யூம் குமிழைத் திருப்பினால் கடுகு வெடிக்கிற சத்தம். இதெல்லாம் துடைத்தால் போய்விடும். கவலைப்பட வேண்டியது கழுத்தைப் பற்றி. ஒரு பேஸ் கிட்டாரின் நாலு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ இழுக்கின்றன. அதாவது ஓர் ஆள் இரவும் பகலும் அதன் கழுத்தைப் பிடித்துத் தொங்குகிறான். உள்ளே ஓடும் இரும்புக் கம்பிதான் அவனை எதிர்த்து நிற்கிறது. அதோடு ஈரமும் சேர்ந்துகொண்டால் மரம் மெல்ல வளைந்துகொடுக்கும். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நெடுகப் பாருங்கள். லேசான குழிவு இருக்கலாம், அது நியாயம். தாப்பா ரோடு மாதிரி தெரிந்தால் விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்துக்கு நான் கண்ட வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆலையில் காய்ந்து வரும் தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கு ஈரம் இருந்தால் அதிகம். பக்கத்தில் எங்கே ஈரம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும், வாசனையையும் விடாது. ஆகவே இரண்டு கிலோ தூளைத் துணிப்பையில் கட்டிக் கிட்டார்ப் பெட்டிக்குள் வைத்தேன். பூஞ்சணம் நின்றது. மூன்றாம் மாதம் திடீர் விருந்தாளிகள் வந்த அவசரத்தில் என் மாமியார் அதிலேயே தேநீர் கலக்கிக் கொடுத்துவிட்டார். குடித்தவர் கண்ணை மூடி, “இது எந்தத் தோட்டத்துத் தூள்? மர வாசனை ஒண்ணு பின்னால வருதே!” என்று மெச்சி, அரைக் கிலோ கேட்டு வாங்கிக்கொண்டு போனார். என் பேஸ் கிட்டார் இதுவரை சம்பாதித்த ஒரே பாராட்டு அது.

அடுத்து, உபயோகக் கணக்கு. இதைக் கணவன் மனைவி சேர்ந்து போடக் கூடாது. நாங்கள் போட்டோம். என் மனைவி பத்து வருஷம் கொழுந்து எடுத்தவள். உவமைக்கு வெளியே போகமாட்டாள். “வீட்டைக் கவ்வாத்து பண்ணணும்ங்க” என்றாள். தேயிலை இயல்பில் மரம். கொழுந்து எடுத்து எடுத்து, மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டித்தான் அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம். கை படாமல் விட்டால் பத்து மீட்டருக்கு மேலும் போகும். எடுக்காத செடி மரமாகும், வாசிக்காத கிட்டார் பாரமாகும் என்பது அவள் கட்சி. நான் எதிர்க்கட்சி வரிசையில் எழுந்து, கல்யாணப் பட்டுப்புடவை 28 வருஷத்தில் எத்தனை முறை கட்டப்பட்டது என்று கேட்டேன். பரணில் இருக்கும் ஐம்பது பேருக்குச் சோறாக்கும் அண்டாவைப் பற்றியும் ஒரு துணைக் கேள்வி போட்டேன். அன்று இரவு எனக்குச் சோறு அந்த அண்டாவிலேயே தனியாகக் கிடைத்தது.

ஆனாலும் அவள் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. புடவையைத் தனியாகக் கட்டிக்கொள்ளலாம். பேஸைத் தனியாக வாசிக்க முடியாது. வாசித்துப் பாருங்கள், அதுதான் அடுத்த சோதனை. ஆம்ப்ளிஃபையரில் சொருகி, தடித்த கம்பியைத் திறந்துவிட்டு மீட்டினால் வினாடிக்கு 41 அதிர்வு. பலகைச் சுவர் அதை ஒரு பொருட்டாக மதிக்காது. லயத்தில் நாலு வீடு தள்ளித் தட்டுகள் குலுங்கும். பாட்டு மட்டும் யாருக்கும் கேட்காது. உங்கள் தலைக்குள் வயலின், புல்லாங்குழல், குரல் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு அது எப்படித் தெரியும்? கதவைத் தட்டி, “அண்ணே, தண்ணிப் பம்பு ரிப்பேரா?” என்றான்.

இந்த வாத்தியத்துக்கு ஜாதகமே அப்படி. லியோ ஃபெண்டர் 1951-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்தவர்களின் முதுகைக் காப்பாற்றியது. பெயரை யாரும் காப்பாற்றவில்லை. டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் வெற்றிப் பாடல்களில் பாதிக்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயர், பத்து வருஷம் போல வாசித்த பிறகு, 1971-இல் மார்வின் கேயின் இசைத்தட்டில்தான் அச்சில் வந்தது. நம் ஒலிநாடா அட்டைகளில் பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயர் இருக்கும், தயாரிப்பாளரின் தாய் தந்தை படம்கூட இருக்கும். இளையராஜா பாட்டுக்கு அடியில் நடந்துகொண்டே இருந்த அந்த விரல்கள் யாருடையவை என்று அந்த அட்டையில் தேடினால் கிடைக்காது.

பெரியவர்கள் தங்கள் பேஸ் கிட்டாரை எப்படித்தான் கைகழுவினார்கள் என்று வரலாற்றைப் புரட்டினேன். யாரும் விற்கவில்லை, எல்லாம் களவு போயிருக்கிறது. ஜேமர்சனுடையது 1983-இல் அவர் சாவதற்குச் சில நாள் முன்பு திருட்டுப் போனது. ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன்னுடையதை 1986-இல் நியூயார்க் பூங்காவில் பறிகொடுத்தார். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் ஏறக்குறைய 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ், 1972-இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் நின்ற வேனிலிருந்து காணாமல் போனது. 2024 பிப்ரவரியில் திரும்பக் கிடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். எங்கே இருந்தது தெரியுமா? இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் ஊரில், ஒரு வீட்டுப் பரணில். உலகத்திலேயே பிரபலமான பேஸ் கிட்டாரையும் யாரோ வாசிக்காமல் போட்டு வைத்திருந்தார்கள். மனைவியிடம் இந்தச் செய்தியைக் காட்டுங்கள், ஒரு மாதம் தவணை கிடைக்கும். முடிவெடுக்க முடியாதவர்களுக்குத் திருட்டு நல்ல வழி என்று தோன்றியதால் நானும் ஒரு வாரம் கதவைத் திறந்து போட்டேன். மழைக்கோட்டு போனது. கிட்டார் அப்படியே நின்றது.

ஆக, விளம்பரம்தான். முடா, கரோசெல் மாதிரி இணையச் சந்தையில் படம் போடலாம். விலை என்ன போடுவது? 1990-இல் கானமன், நெட்ச், தேலர் என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காப்பிக் கோப்பையைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பாய் என்று கேட்டார்கள். கோப்பை கிடைக்காதவர்களிடம் என்ன விலைக்கு வாங்குவாய் என்று கேட்டார்கள். விற்கிறவர் சொன்னது வாங்குகிறவர் சொன்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோப்பை கைக்கு வந்து சில நிமிஷமே ஆகியிருந்தபோது அந்த நிலை. 1993-இல் ஈப்போவில் ஓவர்டைம் காசு 600 வெள்ளியைக் கொட்டி வாங்கியதற்கு நான் 900 வெள்ளி போட்டேன். அதை மூவரும் மன்னிப்பார்கள். “பாங், போலே கூராங்?” என்று முதல் செய்தி வந்தது. அண்ணே, குறையுமா என்று அர்த்தம். இரண்டாமவர், பேஸுக்குப் பதிலாக ஒரு கராவோக்கே ஸ்பீக்கர் தருவதாகச் சொன்னார்.

அந்த ஸ்பீக்கரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் இசைக்குழுவில் ஏழு பேர் இருந்தோம். தோட்டத்து மாரியம்மன் திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் லாரியில் ஏறிப் போவோம். ராத்திரி 15 டிகிரிக் குளிரில் விரல் மரத்துப் போகும்; பாட்டுக்குப் பாட்டு இடையே தேநீர்க் கோப்பையைக் கட்டிப்பிடித்துச் சூடேற்றிக்கொள்வோம். பிறகு ஒருநாள் கீபோர்டுக்காரர் புது மாடல் ஒன்று வாங்கி வந்தார். இடது கையால் ஒரு கட்டையை அழுத்தினால் பேஸும் டிரம்ஸும் தானாக ஓடும். திருவிழாக் கமிட்டி கணக்குப் போட்டது. ஏழு பேருக்குச் சோறும் கூலியும் எதற்கு, மூன்று பேர் போதாதா? எங்கே வேலை குறைத்தாலும் பேஸ்காரனுக்குத்தான் முதல் சீட்டு. அவன் போனது தெரிய ஜனத்துக்கு இரண்டு பாட்டு ஆகும். அப்போதும், “என்னமோ சப்புனு இருக்கே” என்பார்களே தவிர, காரணம் சொல்ல மாட்டார்கள். அதன்பின் மைனஸ் ஒன் சிடி வந்து அந்த மூவரையும் அனுப்பியது. இப்போது ஸ்பீக்கர் தள்ளுவண்டியில் வருகிறது, மாமா பாடுகிறார்.

என் கதைக்கு வருகிறேன். போன மாதம் பெர்த்தாம் வேலியிலிருந்து 19 வயசுப் பையன் ஒருவன் மோட்டாரில் வந்தான். காய்கறித் தோட்டத்தில் பெட்டி கட்டும் வேலை. கையில் 250 வெள்ளி. கிட்டாரின் தோளிலிருந்த துண்டை எடுத்து மரியாதையாக மடித்து வைத்துவிட்டு, சுருதி சேர்த்தான். “அங்கிள், நீங்க யாரோட வாசிச்சீங்க?”

கேட்ட பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். டிரம்ஸ்காரர் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். தபேலா காஜாங்கில் பஸ் ஓட்டுகிறார். ரிதம் கிட்டார் ஈப்போவில் பேரன் பேத்தியோடு. பாடகர் கோவிட் வருஷத்தில் போய்விட்டார். 1929-இல் ரசல் துரை ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து தேயிலைக்காக மலையேறிய குடும்பங்கள், மூன்றாம் தலைமுறையில் படிப்புக்கும் சம்பளத்துக்கும் இறங்கிவிட்டன. கொழுந்துச் சரிவில் இப்போது அதிகமாகக் கேட்பது வங்காள மொழி. விற்கலாமா என்று 11 வருஷமாக நான் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். குறைந்துபோனது கிட்டார் அல்ல, ஆள்.

“எனக்கும் ஆள் இல்ல அங்கிள். யூடியூப்ல பாட்டைப் போட்டு மேல வாசிக்கணும்” என்றான் பையன். பிறகு கேட்காமலே வாசித்தான். ‘மூடுபனி’ படத்தில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு பாடும் பாட்டு. 1980-இல் வந்தது. இவன் பிறக்கக் கால் நூற்றாண்டு இருக்கும்போது. மெட்டு இல்லை, அடிநடை மட்டும். நான் தண்ணிப் பம்புத் தம்பியை எதிர்பார்த்துக் கதவைப் பார்த்தேன். சத்தம் சமையல்கட்டிலிருந்து வந்தது. என் மனைவி, வெங்காயம் நறுக்கியபடி, சரியான இடத்தில் பல்லவியை எடுத்துக்கொண்டாள். சரணத்தையும் விடவில்லை.

முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பையன் 250 வெள்ளியை நீட்டினான். “அதை விக்கிறதா யாரு சொன்னது?” என்று கேட்டு, அவனைப் பசியாற உட்காரவைத்தாள். கவ்வாத்தைப் பற்றி நான் எதுவும் நினைவூட்டவில்லை. 28 வருஷ அனுபவம்.

முடிவாக என் ஆலோசனை: ஆள் சேரும்வரை விற்காதீர்கள். விளம்பரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்று போட்டிருக்கிறேன். ஞாயிறு மத்தியானம் 2 மணி, ரிங்லெட். பேஸ் இருவர், ஒரே கிட்டார், முறைவைத்து வாசிக்கிறோம். பாட ஆள் உண்டு, வெங்காயம் நறுக்கும்போது மட்டும். டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவர் தாப்பாவுக்கும் சிம்பாங் பூலாய்க்கும் நடுவே யாராவது இருந்தால் வாருங்கள், குச்சி மட்டும் கொண்டுவந்தால் போதும். துண்டு மாட்டச் சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது.